அமாவாசை ஊசி

அந்த அம்மா ஒருநாளும் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

என் வீட்டில் நாற்காலிக்குக் குறைச்சல் கிடையாது. காரைக்காலில் பழைய வெள்ளைக்கார வீடு ஒன்றை இடித்தபோது வாங்கிப் போட்ட தேக்கு நாற்காலிகள். கைப்பிடியில் சிங்கமுகம், உட்காருமிடத்தில் மெத்தை. ஒன்றை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், மீன்துறை ஆபீசர்கள், கேரளத்திலிருந்து வந்த ஏற்றுமதிக்காரர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றி ஐஸ் கட்டி விற்றவன். எங்கள் மீனவ ஊரான காரைக்கால்மேட்டில் சொந்தமாக ஐஸ் கம்பெனி போட்ட முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பெருமை என்றே வைத்துக்கொண்டாலும் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்பேர்ப்பட்ட நாற்காலியை அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நிலைப்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். மறு கையில் மடக்கிய கறுப்புக் குடை. தோளில் மருந்துப் பெட்டி தொங்கும். வேட்டியைப் போல விறைப்பாகக் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. ஆள் உயரமில்லை. ஆனால் வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு நிற்பு.

அரசாங்க நர்ஸ். அம்பகரத்தூரில் விவசாயக் குடும்பம். அங்கிருந்து பஸ் ஏறி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அப்புறம் எங்கள் ஊருக்கு வருவார். பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "என்னைய எதுக்கு இதுல இழுத்து வுட்டீங்க?" என்று கேட்க இங்கே வந்து நிற்பார். நின்றால் லேசில் போக மாட்டார்.

ஊரே என்னை முதலாளி என்று கூப்பிடும். அவர் மட்டும் ‘ஐஸ்காரரே’ என்பார். ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் காது கேட்க அப்படிக் கூப்பிடுவார். நானும் விடவில்லை. ஒருதரம் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஏன் நர்ஸம்மா, எங்க வீட்டு நாக்காலில முள்ளா கெடக்கு? உட்கார மாட்டேங்கிறீங்க."

"முள்ளு கெடந்தா உட்காந்திருப்பேன், ஐஸ்காரரே. மெத்துனு இருக்கு பாருங்க, அதான் பயம்."

"அதுல என்ன பயம்?"

"உட்காந்தா டீ வரும். டீயக் குடிச்சிட்டா, ‘நாளைக்கி வாங்க நர்ஸம்மா’ன்னு சொல்லுவீங்க. குடிச்ச வாயால மாட்டேன்னு சொல்ல முடியாது. இந்த ஊருக்கு நான் வந்த புதுசுல அப்படி எத்தினி டீ குடிச்சேன் தெரியுமா? ஊசி போட்டதவிட டீ குடிச்சதுதான் அதிகம்."

அதற்கப்புறம் நான் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

சுனாமி எங்கள் ஊரைப் பெருக்கித் தள்ளியதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். தகரக் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தோம். பிறகு புதுக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். அந்த அலைச்சலில் சின்னப் பிள்ளைகளின் ஊசி விட்டுப்போயிற்று. ஒரு ஊசி போட்ட பிள்ளைக்கு இரண்டாவது போடவில்லை, இரண்டு போட்டதற்கு மூன்றாவது இல்லை. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவுமில்லை. போலியோ சொட்டு மருந்துக்கு மட்டும் மைக் கட்டிக் கூப்பிடுவார்கள், எல்லாரும் போவோம். தொடையில் போடுகிற முத்தடுப்பு ஊசி என்றால் ஆளைக் காணோம். தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் மூன்றுக்கும் ஒரே ஊசி அது. ஆனால் கக்குவானை யார் பார்த்தார்கள்? அது அந்தக் காலத்து வியாதி, போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போகவில்லை. ஒருநாள் புதுக் குடியிருப்பு வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டுக்குள் பிள்ளை இருமியது. விடாமல், மூச்சு எடுக்க இடமில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக இருமிவிட்டுக் கடைசியில் ‘ஊ…’ என்று ஓர் இழுப்பு. வண்டியை நிறுத்திவிட்டேன். என்னுடைய கடைசித் தங்கச்சி அந்தச் சத்தத்தோடுதான் போனாள். அப்போது எனக்கு மூக்கு ஒழுகுகிற வயசு. அவள் இருமி இருமி முகம் நீலம் பாரித்ததும், அம்மா அவளைத் தலைகீழாகப் பிடித்து முதுகைத் தட்டியதும் அப்படியே கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் இத்தனை காலம் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தால், அந்த அம்மா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லி, பிள்ளையின் தாயாரைப் பிடரியில் கைவைக்காத குறையாகத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லதாப் போச்சு. வண்டிய திருப்புங்க, ஐஸ்காரரே" என்றார். திருப்பினேன். நான் ஒருத்தர் சொல்லி வண்டியைத் திருப்பியது அதுதான் முதல்தடவை. அந்தப் பிள்ளை பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. வந்ததே பெரிசு.

அதற்கப்புறம்தான் அந்த அம்மா எங்கள் ஊர் வாசல்களில் நிற்க ஆரம்பித்தார். முன்னேயும் நின்றவர்தான். இப்போது நின்றது வேறு மாதிரி.

என் கம்பெனிக்கு எதிர்வீடு செல்வியுடையது. அவள் புருஷன் ஃபைபர் போட்டில் போகிறவன். செல்வி மீன் ஏலம் எடுத்து, கூடையில் வைத்துக் காரைக்கால் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். கைப்பிள்ளை ஒன்று. அவள் வாசலில் அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு நின்றதை நான் கம்பெனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள தூங்குதுங்க" என்றாள் செல்வி.

"தூங்கட்டும். தூங்குற புள்ளைக்கும் ஊசி எறங்கும்."

"அவங்கப்பா ஊர்ல இல்லீங்க."

"கரையில வலைய உதறிக்கிட்டு இருக்காரு. இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

"சரி, உள்ள வந்து உட்காருங்க. ஒரு வாய் டீ குடிங்க."

"வேணாம்."

"அப்ப நாளைக்கி வாங்களேன்."

"நாளைக்கி வரைக்கும் இங்கியே நிக்கவா? நிக்கிறேன்."

வெயில் ஏறியது. கோழி நிழல் தேடி அவர் குடைக்குக் கீழே வந்து படுத்தது. செல்வி உள்ளே போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் வெளியே வந்து கத்தினாள்.

"ஊசியப் போட்டுட்டு நீ பஸ் ஏறிப் போயிருவ! ராத்திரியெல்லாம் புள்ள ஒடம்பு அனலாக் கொதிக்கும். கீழ வுட்டா அழும். விடியக்காலம் ஏலத்துக்கு யாரு போறது? கூடைய யாரு தூக்குறது? நீயா வந்து தூக்குவ? ஒருநாள் நான் போகலன்னா என் கிராக்கி அடுத்தவகிட்ட போயிருவா. அப்பறம் என்னைக்குத் திரும்பி வருவா?"

தெருவே கேட்டது. அந்த அம்மா குடையை மடக்கினார். செல்வி ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் நேராக ரோட்டைக் கடந்து என் கம்பெனிக்குள் வந்தார். ஐஸ் பார் இறக்குகிற இடத்தில், ஈரத் தரையில் நின்றார்.

"ஐஸ்காரரே, ஊசின்னா பயம், அறிவில்லாத சனம்னு இத்தினி நாளா நானும் மத்தவங்கள மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவ சொல்றதுதான் ஞாயம். உங்க ஊர்ல என்னிக்கி கடலுக்கு போட்டு போவாது?"

"அமாவாசைக்குப் போவாது. அன்னிக்கி வலை நனையாது, மறுநா விடியக்காலம் ஏலமும் கெடையாது."

"அமாவாசைக்கு அமாவாசை ஒரு மாசம். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல எனக்கு வேண்டியதும் ஒரு மாசம்தான்." ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். "அன்னிக்கி உங்க கம்பெனியும் சும்மாதானே கெடக்கும்?"

கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார். அவருடைய டாக்டரம்மாவிடம் போய்ப் பர்மிஷனுக்கு எப்படி நின்றாரோ, எத்தனை நேரம் நின்றாரோ எனக்குத் தெரியாது. வாங்கி வந்துவிட்டார். ஆனால் எங்கள் பஞ்சாயத்தாரிடம் அவ்வளவு சுலபமாகப் பருப்பு வேகவில்லை. கோயில் வாசலில் கூடியிருந்தோம், அந்த அம்மா எங்கள் முன்னால் நின்றார். நானும் பஞ்சாயத்தில் ஒருத்தன்தான்.

"அமாவாச அன்னிக்கிப் பச்சப்புள்ளைய வெளிய எடுப்பாளா எவளாச்சும்? காத்து கருப்பு அண்டும்" என்றார் எங்களில் வயதில் மூத்தவர்.

"வேற நாள்ல வந்தா புள்ளையோட அம்மா வெளிய போயிர்றா. அமாவாசையிலதான் உங்க ஊரு ஆம்பளைங்க வீட்ல இருக்காங்க. அன்னிக்கி ராத்திரி கொதிக்கிற புள்ளைய அவங்க தோள்ல போட்டுக்கிட்டு ஒலாத்தட்டும். கடல்ல அலைய சமாளிக்கிறவங்களுக்கு ஒரு காச்சப் புள்ளையச் சமாளிக்கத் தெரியாதா?"

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. செல்விதான் முதலில் சிரித்தாள்.

"அப்ப காத்து கருப்புக்கு என்ன சொல்றீங்க?"

"மை வைங்க. ஒண்ணுக்கு ரெண்டாப் பொட்டு வைங்க. வேப்பிலையக் கட்டுங்க. கையில இரும்பக் குடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். புள்ள மட்டும் வரணும்."

வந்தன. முதல் அமாவாசையன்று என் ஷெட்டைப் பார்த்திருக்க வேண்டும். கன்னத்தில் ஒரு பொட்டு, நெற்றியில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. முகம் எது, மை எது என்று தெரியாமல் பிள்ளைகள் வந்து இறங்கின. ஒருத்தி பிள்ளையின் துணிக்குள் பெரிய பூட்டுச் சாவியைச் சொருகியிருந்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஊசி போடுகிறபோது சாவி நழுவியது. அதைக் கீழே விழாமல் பிடித்து, தன் வாயில் கவ்விக்கொண்டு ஊசியைப் போட்டு முடித்து, திரும்பப் பிள்ளையின் துணியிலேயே சொருகிவிட்டார். அன்றைக்கு அந்தச் சாவிக்காரியின் மாமியார் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்த அமாவாசைக்குத் தெருவில் இருந்த பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது அந்த மாமியார்தான்.

இரண்டாவது அமாவாசையில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

ஐஸ் விஷயத்தில் எனக்குச் சொல்லித்தர இந்தக் கரையில் ஆள் கிடையாது. வஞ்சிரத்தை என் ஐஸில் வைத்தால் மூன்றாம் மாநிலத்தில் போய்த் திறக்கும்போதும் கண் கலங்காமல் முழித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்த அம்மா மருந்துப் பெட்டியை ஷெட்டில் வைத்துவிட்டு, வராத ஒரு பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்பதற்காகப் போயிருந்தார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சின்னச்சின்ன ஐஸ் பை. அதுவும் பாதி தண்ணீராக இருந்தது. என் கம்பெனியிலேயே மருந்து சூடாகிறதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நல்ல பாராக உடைத்து, பொடியாக்கி, உப்புப் போட்டு, முதல்தர மீன் கட்டுகிற மாதிரி மருந்துப் புட்டிகளைப் புதைத்து வைத்தேன்.

திரும்பி வந்தவர் ஒரு புட்டியை எடுத்தார். குலுக்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அடியில் வெள்ளைவெள்ளையாகக் குருணை இறங்கியது.

"யாரு இதச் செஞ்சது?"

"நான்தான். என் ஐஸு. ஒரு வாரத்துக்குக் கவலையில்ல" என்றேன்.

"இத மீனுக்கா போடப் போறேன்?"

ஷெட்டில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"போலியோ மருந்த ஐஸ்லதானே வைக்கிறாங்க?" என்றேன் நான். எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

"அது வேற, இது வேற. இது குளுந்து இருக்கணும், ஒறையக் கூடாது. ஒறஞ்சா செத்துப்போவும். செத்த மருந்தப் போட்டா ஊசி குத்துன வலிதான் மிச்சம், உள்ள ஒண்ணும் இருக்காது. புள்ளைக்கு ஊசி போட்டாச்சுன்னு நீங்களும் நிம்மதியா இருப்பீங்க, நானும் இருப்பேன். கக்குவான் மட்டும் வந்து சேரும்."

அத்தனை புட்டியையும் ஒதுக்கி வைத்தார். என் ஐஸைக் குறை சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் முறைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தாய்மார்கள் பக்கம் திரும்பி, "ஒருத்தரும் எடத்த வுட்டு நகரக் கூடாது. நான் போயி வேற மருந்து கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துக் காரைக்காலுக்குப் போனார். பொழுது சாய்கிறவரைக்கும் ஒருத்தியும் நகரவில்லை. ‘கிராக்கி போயிரும்’ என்று கத்தின செல்விதான் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் டீயும் பொறையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என் ஐஸ் அப்பவும் முதல்தரம், இப்பவும் முதல்தரம். அந்த மருந்துக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு இருமல் வந்தது. மழைக்கு வந்தது மழையோடு போகும் என்று விட்டுவிட்டேன். மழை விட்டும் அது விடவில்லை. பகலில் சும்மா இருக்கும். திடீரென்று பிடித்தால், குனியவைத்து, கண்ணில் தண்ணீர் வரவைத்து, சாப்பிட்டதையெல்லாம் வெளியே கொட்டவைத்துவிட்டுத்தான் நிற்கும். கம்பெனியில் அமோனியா நெடி, அதனால் வருகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். என் உடம்புக்கு அதுவரை ஆஸ்பத்திரி வாசல் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் என் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போட்டுப் பெயர் வைக்க நாள் குறித்தேன். ஊரையே கூப்பிட்டேன். பந்தல் போட்டாகிவிட்டது, சமையலுக்கு ஆள் வந்தாகிவிட்டது. பேத்தி பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தாயோடு அதற்குப் பக்கத்திலிருந்த என் சம்சாரத்தின் தம்பி வீட்டுக்குப் போய், அன்று காலையில்தான் நல்ல நேரம் பார்த்து என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் அவளை இன்னும் கையில் வாங்கவில்லை. குளித்து, புது வேட்டி கட்டி, தூக்குவதற்குப் போனேன்.

அறை வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். புதுசாகப் பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர். நான் பக்கத்தில் போகிறபோது இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டம் இருமி, வாந்தியும் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் கை நிலைப்படிக்குக் குறுக்கே போய்விட்டது.

"எத்தினி நாளா இருக்கு இது?"

"அது கெடக்கு, கம்பெனிக் காத்து. வழிய வுடுங்க."

"வுட மாட்டேன்."

"நர்ஸம்மா, வெளையாடாதீங்க. சனங்க வந்துட்டாங்க."

"உங்களுக்குக் கக்குவானா இருக்கலாம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அது சின்னப் புள்ளைக்கி வர்றது. எனக்கு அந்த இழுப்புச் சத்தம் எங்க இருக்கு? அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"பெரியவங்களுக்கு அந்தச் சத்தம் வராது. உங்களுக்கு வெறும் இருமலா இருக்கும். அந்தப் புள்ளைக்கிப் போனாத்தான் சத்தம் கேக்கும். இவ்ளோ சின்னப் புள்ளைக்கி அந்தச் சத்தம்கூட வராது, இழுக்கத் தெம்பிருக்காது. மூச்சு நின்னுரும். அதுக்கு ஊசி போடுற வயசு இன்னும் வரல. வர்ற வரைக்கும் அதுக்கு ஊசி நீங்கதான், நாந்தான், இந்த வீட்ல இருக்குறவங்கதான்."

பந்தலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யாரிடமும் கை நீட்டாமல் நான் கட்டின வீடு. ஒவ்வொரு செங்கல்லையும் நான் பார்த்து வாங்கினேன். என் வீட்டு அறைக்குள் நான் போகக் கூடாதா?

"இது யாரு வீடு தெரியுமா?" என்று கத்தினேன்.

"உங்க வீடுதான், ஐஸ்காரரே. மூச்சு அதோட மூச்சு."

தள்ளிவிட்டுப் போயிருப்பேன். பொய் சொல்லவில்லை, கையைத் தூக்கிவிட்டேன். அந்த அம்மா நகரவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் என் மகளைப் பார்த்தேன். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண். என் முகத்தை நேராகப் பார்த்து, "அப்பா, வேணாம்ப்பா" என்றாள். அந்த அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, உள்ளேயிருந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தேக்குக் கதவு அது. நான் பார்த்து வாங்கியதுதான்.

பந்தலைப் பிரிக்கச் சொன்னேன். சமைத்ததை இலையில் கட்டி வீடுவீடாகக் கொடுத்தனுப்பினேன். கம்பெனியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த அம்மாவே டாக்டரை வரவழைத்தார். எனக்கு மாத்திரை, வீட்டில் இருந்தவர்களுக்கு மாத்திரை, பேத்திக்கும் சொட்டாக ஒரு மருந்து. மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடுகிற ஆள் இல்லையே அவர். தினமும் வந்து, ஈரத் தரையில் நின்று, நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறவரைக்கும் போக மாட்டார். என் ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐஸ் பாரை வேகவேகமாக இழுத்துக்கொண்டு போவார்கள்.

பகலெல்லாம் எனக்குக் காது வீட்டுப் பக்கமே இருந்தது. கம்பெனி மோட்டார் சத்தத்துக்கு நடுவே ஏதாவது கேட்கிறதா, என் தங்கச்சியின் சத்தம் கேட்கிறதா என்று. அப்புறம் நினைவு வரும், சத்தம் கேட்காமலே போய்விடும் என்றல்லவா சொன்னார். சத்தமில்லாமல் இருந்தாலும் பயம், சத்தம் கேட்டாலும் பயம். மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அமாவாசைக்கும் சுனாமிக்கும் தவிர மோட்டார் நின்றதில்லை.

மருந்து முடிந்த பிறகும் அந்த அம்மா என்னை உடனே விடவில்லை. ஒருநாள் வந்து நின்றார். மாத்திரை எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல. நல்லாப் பால் குடிக்குது. போயி தூக்கிக்கிங்க."

எழுந்து வேட்டியை உதறிக் கட்டினேன். அப்புறம் என் புத்தி என்னை விடுமா?

"ஏன் நர்ஸம்மா, அது கக்குவான்தானா? வேற ஏதாச்சும் இருமலா இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம். நிச்சயமா எனக்குத் தெரியாது."

"தெரியாமயா என் வீட்டு விசேஷத்தக் கலச்சீங்க?"

"ஆமா. தெரியற வரைக்கும் காத்திருக்க அதுக்கு வயசு பத்தாது."

பேத்தியைத் தூக்க வீட்டுக்குப் போனேன்.

பேத்தி முதல் ஊசியை என் ஷெட்டில், அமாவாசையன்று, கன்னம் நிறைய மையோடு போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி காய்ச்சலில் அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தியது நான்தான். அதற்கப்புறம்தான் தொட்டில் போட்டுப் பெயர் வைத்தேன். முதலாளி வீட்டிலேயே ஊசிக்கு அப்புறம்தான் தொட்டில் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. மெல்லமெல்ல எல்லாரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் அது வழக்கமாகிவிட்டது. ஆரம்பித்து வைத்தது நான்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஓய்வு பெறுகிற மாசம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். என் பேத்தி ஓடிப்போய் அவர் குடையைப் பிடுங்கிக்கொண்டாள். நான் ஓர் ஆளோடு சேர்ந்து சிங்கமுக நாற்காலியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டேன்.

"இனிமேயாச்சும் உட்காரலாம்ல? டீ குடிச்சிட்டு மாட்டேன்னு சொல்ல இனிமே என்ன இருக்கு?"

சிங்கத்தின் தலையைத் தடவிப் பார்த்தார். "நல்ல நாக்காலிதான், ஐஸ்காரரே. பழக்கமில்லாமப் போச்சே" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் புது நர்ஸ் வந்தது. நல்ல பெண்தான், குரல்தான் சன்னம். ஷெட்டில் எல்லாரும் வந்தாகிவிட்டது. குடியிருப்பில் புதுசாக வாழ வந்த ஒரு பெண்ணின் பிள்ளை மட்டும் வரவில்லை. நர்ஸ் பெண் போய்க் கூப்பிட்டுவிட்டு, "நாளைக்கி வர்றேங்கிறாங்க" என்று திரும்பி வந்தது.

நான் எழுந்து போனேன். அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பெண் பதறிப்போய் வெளியே வந்தாள்.

"ஐயோ மொதலாளி, நீங்களா? உள்ள வாங்க, உட்காருங்க."

"உட்காரல."

"வெயில்ல நிக்கிறீங்களே! ஒரு வாய் டீயாச்சும் குடிங்க."

"வேணாம். புள்ளையத் தூக்கிட்டு வா."

எதிர்ச்சாரியில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செல்வி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"ஏய் பொண்ணே, சீக்கிரம் தூக்கிட்டு வந்துரு. அது ஐஸ்காரரு. உருகுற வரைக்கும் நிப்பாரு!"

என்னை அப்படிக் கூப்பிட அவளுக்கு எப்படித் தைரியம் வந்தது என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே பிள்ளைக்கு மை வைக்கிற கையின் வளையல் சத்தம் கேட்டது.